குளிர் அறைக்கு சென்சார் மாட்டிய கதை

சுங்கை சிப்புட்டில் எங்கள் இறைச்சிக் கடைக்குப் பின்னால் குளிர் அறை ஒன்று இருக்கிறது. எங்களிடம் வாங்கும் ஈப்போ உணவகம் ஒன்று, வெப்பநிலைப் பதிவு கைப்பேசியிலேயே தெரிய வேண்டும் என்றது. சரி என்று வைஃபை சென்சார் வாங்கினோம்.

முதலில் ரௌட்டரோடு சேரவே இல்லை. இந்த வகைச் சென்சார்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசும். ரௌட்டரில் அந்த அலைவரிசைக்கு மட்டும் தனி வைஃபை பெயர் கொடுத்ததும் சேர்ந்துகொண்டது. அப்புறம் அறைக் கதவைச் சாத்தினால் சிக்னல் போனது. உலோகத் தகட்டுச் சுவர், வேறென்ன ஆகும்? கருவியை வெளியே மாட்டி, வெப்பநிலையை அளக்கும் உணர்கம்பியை மட்டும் குழாய் வரும் துளை வழியாக உள்ளே விட்டு, துளையைச் சிலிக்கோன் பசையால் அடைத்தேன். பேட்டரியும் குளிரில் சாகாமல் தப்பியது.

பெரிய தொல்லை அலாரம்தான். அறையைக் குளிரூட்டும் சுருளில் படியும் பனியைக் கரைக்க ஹீட்டர் ஓடும்போதெல்லாம் காற்று சூடாகும், இறைச்சி சூடாகாது. ஆனால் நள்ளிரவில் அப்பாவின் கைப்பேசி அலறும். "இதைக் கழற்றிப் போடுடா" என்றார். சின்னப் புட்டியில் கிளிசரினும் தண்ணீரும் சம அளவு ஊற்றி, கம்பியை அதற்குள் வைத்தேன். அந்தக் கலவை மைனஸ் 18 டிகிரியில் உறையாது, இறைச்சியைப் போலவே மெதுவாகத்தான் சூடேறும். அலாரத்துக்கு அரை மணி நேரத் தாமதமும் கொடுத்தேன்.

இறைச்சி ஏற்றிப்போகும் லோரிக்கும் இதுபோல் சென்சார் மாட்டும் விஷயம் இன்னும் பாக்கி. செம்பனைத் தோட்டப் பாதையில் கைப்பேசி லைன் கிடைப்பதில்லை.