மத்தியதரைக் கடல் தீவுகளுக்குச் சீசன் இல்லாத காலத்தில் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மத்தியதரைக் கடல் தீவுகளில் இருக்கும் கூட்டத்தையும் வெயிலையும் அறை வாடகையையும் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், அந்த இரண்டு மாதங்களைத் தவிர வேறு எந்த மாதத்தில் போனாலும் நிம்மதியாகச் சுற்றிவரலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலான ஏமாற்றங்கள் இந்த எண்ணத்திலிருந்துதான் தொடங்குகின்றன. கிரேக்கத்தின் கிரீட் தீவையே எடுத்துக்கொள்வோம். அக்டோபர் தொடக்கத்தில் அங்கே கடலில் மணிக்கணக்காக நீந்தலாம். பிப்ரவரியில் அதே தீவின் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் பனி போர்த்திருக்கும். ஏப்ரலில் மலைச்சரிவெங்கும் காட்டுப்பூக்கள் பூத்துக் கிடக்கும். மூன்றுமே சீசன் இல்லாத காலம் என்றுதான் அழைக்கப்படுகின்றன, ஆனால் மூன்றும் ஒரே பயணம் அல்ல. கடலுக்கு ஒரு நாட்காட்டி, நிலத்துக்கு ஒரு நாட்காட்டி, கப்பலுக்கும் விமானத்துக்கும் ஒரு நாட்காட்டி, கடைத்தெருவுக்கு இன்னொரு நாட்காட்டி என்று இத்தீவுகள் நடக்கின்றன. எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற மாதத்தையும் பின்னர் தீவையும் தேர்ந்தெடுக்காமல், மலிவான விமானக் கட்டணத்தைக் கண்டதும் தேதியை உறுதிசெய்துவிடுவதுதான் தலையாய தவறு.

கடலுக்காகப் போகிறவர்கள் காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. கிரீட்டில் மே மாதத்துப் பகலும் அக்டோபர் மாதத்துப் பகலும் ஏறத்தாழ ஒரே அளவு இதமானவை. ஆனால் தண்ணீரில் கால் வைத்ததும் வேறுபாடு தெரிந்துவிடும். நிலத்தைப்போல் கடல் விரைவில் சூடேறுவதும் இல்லை, விரைவில் ஆறுவதும் இல்லை. குளிர்காலம் முழுவதும் வெப்பத்தை இழந்த நீர் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் மிகவும் குளிர்ந்து, 15 அல்லது 16 டிகிரி அளவில் நிற்கிறது. மே மாதத்தில்கூட அது 19, 20 டிகிரியைத்தான் எட்டுகிறது. கோடை முழுவதும் வெயிலை வாங்கிச் சேமித்த அதே கடல் அக்டோபரில் 23 டிகிரி அளவில் இருக்கிறது. வங்கக் கடலின் வெதுவெதுப்புக்குப் பழகிய நமக்கு 19 டிகிரி நீர் உடம்பை உதறவைக்கும். குழந்தைகளோடு கடற்கரையில் பொழுதைக் கழிப்பதே நோக்கம் என்றால், செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையிலான நான்கு வாரங்களுக்கு இணையான காலம் ஆண்டில் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. கோடையில், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே உள்ள ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து ஓயாமல் வீசும் மெல்டெமி காற்றும் அதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும்.

மாறாக, நடப்பதற்கும் தொல்லியல் இடங்களைப் பார்ப்பதற்கும் பச்சை நிலத்தைக் காண்பதற்கும் போகிறவர்களுக்கு இலையுதிர்காலம் அவ்வளவு பொருந்தாது. இங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். கோடை முழுவதும் வறண்ட நிலம் செப்டம்பரில் வைக்கோல் நிறத்தில்தான் இருக்கும். படங்களில் காணும் பசுமையும் பூக்களும் மார்ச் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரைக்கும் உரியவை. அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வசந்தத்தில் சில நாட்கள் தெற்கிலிருந்து வீசும் காற்று சஹாரா பாலைவனத்துப் புழுதியைச் சுமந்து வந்து வானத்தையே மங்கச் செய்துவிடும். 2024 ஏப்ரல் 23 அன்று ஏதென்ஸ் நகரத்தின் வானம் ஆரஞ்சு நிறமானது இதனால்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் வசந்தகாலப் பயணத்துக்கு மருந்தைத் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

மழையைப் பற்றிய தவறு சற்று நுட்பமானது. எல்லாத் தீவுகளும் ஒரே கடலில் இருப்பதால் ஒரே மழைதான் என்று நினைக்கிறோம். கிரேக்கத்தின் மேற்கே உள்ள கோர்ஃபு தீவில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஏஜியன் கடலில் உள்ள சான்டோரினியில் அதில் பாதிகூட இல்லை. மேற்கிலிருந்து வரும் மழைமேகங்கள் கிரேக்கத் தலைநிலத்தின் மலைத்தொடரைக் கடப்பதற்குள் பெருமளவு ஈரத்தை இழந்துவிடுவது இதற்கு முக்கியக் காரணம். ஆகவே அக்டோபர் இறுதியில் போகிறவர் கோர்ஃபுவைத் தேர்ந்தெடுப்பதற்கும், கிழக்கே உள்ள ரோட்ஸ் தீவையோ கிழக்குக் கிரீட்டையோ தேர்ந்தெடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இத்தாலியின் சிசிலி தீவுக்குத் தெற்கே உள்ள மால்டாவிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே மழை மிகுதி. காரணங்கள் வேறு என்றாலும், நம் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தோடு இது ஒத்துப்போவதால் தமிழ்நாட்டு வாசகர்கள் எளிதில் நினைவில் வைத்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான கடலின் மீது குளிர்ந்த காற்று மேலடுக்கில் வந்து சேரும்போது அரிதாகச் சூறாவளியைப் போன்ற புயல்களும் உருவாவதுண்டு. 2020 செப்டம்பர் நடுவில் இயானோஸ் என்ற புயல் கிரேக்கத்தின் மேற்கே உள்ள கெஃபலோனியா, இதாக்கா, ஜாகிந்தோஸ் தீவுகளைத் தாக்கியது. இதற்காக இலையுதிர்காலத்தையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் மாதச் சராசரி மழையளவைப் பார்த்து, தினமும் கொஞ்சம் தூறும் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே ஒரு வாரத்து மழை ஒரே பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டு, மறுநாள் வானம் பளிச்சென்று வெளுத்துவிடும்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் வெளிக்குளிருக்குத் தயாராகிறார்கள், வீட்டுக்குள் இருக்கும் குளிரை மறந்துவிடுகிறார்கள். மால்டாவில் ஜனவரிப் பகல் 15, 16 டிகிரி, இரவு 10 டிகிரிக்கு அருகில். இது ஊட்டியைப் போலத்தானே என்று தோன்றும். ஆனால் இத்தீவுகளின் வீடுகள் வெயிலைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டவை: தடித்த சுண்ணாம்புக்கல் சுவர், கல்தரை, உயர்ந்த கூரை. கோடையில் வரமாக இருக்கும் அதே அமைப்பு குளிர்காலத்தில் ஈரத்தையும் குளிரையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே வெயிலில் உட்கார்ந்தால் இதமாக இருக்கும்போது, அறைக்குள் போர்வையோடு உட்கார வேண்டியிருக்கும். சான்டோரினியில் எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து அமைத்த குகை வீடுகளுக்கும் இது பொருந்தும். அறையை முன்பதிவு செய்வதற்கு முன்பு, படுக்கையறையிலும் குளியலறையிலும் சூடேற்றும் வசதி இருக்கிறதா, அதற்கான மின்கட்டணம் வாடகையில் அடங்குமா, தனியாக வசூலிக்கப்படுமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வயதான பெற்றோரை அழைத்துச் செல்கிறவர்கள் இதைக் கேட்காமல் பணம் கட்டவே கூடாது.

ஊர் திறந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சுற்றுலாவை மட்டுமே நம்பி வாழும் சிறு தீவுகளில் நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் இறுதி வரை விடுதிகளிலும் உணவகங்களிலும் பெரும்பகுதி மூடிக் கிடக்கும். அவற்றை நடத்துவோரில் பலர் ஏதென்ஸுக்கோ சொந்த ஊருக்கோ போய்விடுவார்கள். அந்த அமைதியை விரும்பிப் போகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு அது நிறைவான அனுபவம்தான். ஆனால் முதன்முறையாகப் போகிறவர், மூடிய கதவுகளைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரத்தைக் கழிப்பது வருத்தத்துக்குரியது. குளிர்காலத்தில் போவதென்றால், சுற்றுலாப் பயணிகள் இல்லாவிட்டாலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிசிலியில் பலெர்மோ, கட்டானியா, சிராகூசா, கிரீட்டில் ஹெராக்லியோன், கானியா, ஸ்பெயினின் மயோர்க்காவில் பால்மா, மால்டாவில் வலெட்டாவும் அதைச் சுற்றியுள்ள நகரங்களும் ஆண்டு முழுவதும் உயிரோடு இருப்பவை. ஒரே தீவுக்குள்ளும் இந்த வேறுபாடு கூர்மையானது. கானியாவின் சந்துகளில் டிசம்பரிலும் உணவகங்கள் நிறைந்திருக்க, விடுதிகளுக்காகவே வளர்ந்த ஹெர்சோனிசோஸ் போன்ற கடற்கரை ஊர்கள் வெறிச்சோடிக் கிடக்கும். தீவு திறந்திருக்கிறது என்ற தகவலை வைத்துக்கொண்டு மூடிக்கிடக்கும் கடற்கரையில் அறை எடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. நவம்பரில் கிரீட்டின் மலைக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் ஒலிவக் காய்கள் பறிக்கப்படுவதையும், திராட்சைச் சக்கையிலிருந்து ராக்கி என்ற மது வடிக்கப்படுவதையும் காணலாம். கோடையில் எவ்வளவு செலவழித்தாலும் கிடைக்காத காட்சி அது.

பொழுதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பாவில் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் பின்னே வைக்கப்படுகின்றன. டிசம்பரில் இத்தீவுகளில் மாலை ஐந்து மணியளவிலேயே இருட்டிவிடும். கிரேக்கத்தின் பல தொல்லியல் இடங்கள் குளிர்காலத்தில் பிற்பகல் 3.30 மணிக்கே மூடிவிடுகின்றன. கோடைக்கால நேர அட்டவணையை நம்பி மதிய உணவுக்குப் பிறகு கிளம்பினால் பூட்டிய வாயிலைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஈடாக, நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரேக்க அரசின் தொல்லியல் இடங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. கிரீட்டின் 16 கிலோமீட்டர் நீளமுள்ள சமாரியா பள்ளத்தாக்கு, வெள்ள அபாயத்தால் குளிர்காலத்தில் மூடப்பட்டு, வழக்கமாக மே தொடக்கத்தில்தான் திறக்கப்படுகிறது. அதற்காகவே ஏப்ரலில் போய்த் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் இல்லாத காலம்தானே என்று முன்பதிவை அலட்சியம் செய்வதும் கூடாது. மால்டாவில் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான ஹால் சஃப்லியேனி நிலத்தடிக் கல்லறைக்குள் ஒரு நேரத்தில் 10 பேர் மட்டுமே அனுமதிக்கப்படுகிறார்கள்; குளிர்காலத்திலும் சில வாரங்களுக்கு முன்பே சீட்டு வாங்கிவிட வேண்டும்.

சீசன் இல்லாத காலத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சீசன்களைத் திருவிழாக்கள் உண்டாக்குகின்றன. கிரேக்கர்களின் ஈஸ்டர் நாள் வேறு கணக்கின்படி வருவதால், நம் ஊர் நாட்காட்டியில் உள்ள ஈஸ்டரை வைத்துத் திட்டமிட்டால் தவறிப்போகும். 2027இல் மேற்கத்திய ஈஸ்டர் மார்ச் 28 அன்று வருகிறது, கிரேக்க ஈஸ்டரோ மே 2 அன்று. அந்த வாரத்தில் கிரேக்கர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்புவதால் கப்பல்களில் இடம் கிடைப்பது கடினம். ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனிக்கிழமை காலையில் மாடிகளிலிருந்து மண்பானைகளை வீதியில் எறிந்து உடைக்கும் கோர்ஃபுவில் அறை கிடைப்பது அதைவிடக் கடினம். கட்டானியாவில் பிப்ரவரி 3 முதல் 5 வரை நடக்கும் புனித ஆகத்தா திருவிழாவுக்கு நகரமே தெருவில் திரண்டு நிற்கும். இவற்றைக் காணவே போகலாம், போக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதுதான் தவறு. பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் கிளம்பும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இந்தத் தேதிகளை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரேக்கம், இத்தாலி, ஸ்பெயின், மால்டா ஆகிய நான்கிற்கும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா போதும். பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம் என்ற வசதியைப் பயன்படுத்தாமல், விசா கைக்கு வருவதற்கு முன்பே பணம் திரும்பக் கிடைக்காத மலிவு அறைகளை எடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம்.

இறுதியாகப் பயணப் பாதை. கடிகாரம் மாறும் அதே அக்டோபர் கடைசி ஞாயிறன்று விமான நிறுவனங்களின் குளிர்கால அட்டவணை தொடங்குகிறது. ஐரோப்பிய நகரங்களிலிருந்து சிறு தீவுகளுக்கு நேரடியாக ஓடிய விமானங்கள் பலவும் அன்றோடு நின்றுபோகின்றன. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வாழும் நம்மவர்கள் நேரடி விமானத்தில் போய் இறங்கிவிட்டு, ஒரு வாரம் தாமதமாகத் திரும்ப நினைத்தால் ஏதென்ஸ் வழியாகச் சுற்றிவர நேரும்.

கப்பல் பயணத்திலோ காற்றுதான் எசமானன். பண்டைய ரோமானியர் நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடியிருப்பதாகவே கருதினர் என்று ரோமானிய எழுத்தாளர் வெஜீஷியஸ் எழுதி வைத்திருக்கிறார். கிறித்துவத் திருத்தூதர் பவுல் ஏறிய கப்பல் பருவம் தப்பிய பிறகு கிரேத்தா, அதாவது கிரீட், தீவை ஒட்டிப் புறப்பட்டு, தமிழ் விவிலியம் யூரோக்கிலிதோன் என்று பெயர் சொல்லும் கடுங்காற்றில் சிக்கி, 276 பேரோடு மெலித்தாவில், அதாவது மால்டாவில், கரைதட்டியது. கப்பலை நடத்தியவர்கள் அருகிலிருந்த வசதியான துறைமுகத்துக்குப் போய்விடலாம் என்று அவசரப்பட்டதுதான் காரணம். உயிர் தப்பியவர்கள் மூன்று மாதம் மால்டாவிலேயே தங்க வேண்டியிருந்தது. வடகிழக்கிலிருந்து வரும் கடுங்காற்றை மால்டா மக்கள் இன்றும் கிரிகால் என்று தனிப்பெயரிட்டு அஞ்சுகிறார்கள். மால்டாவைச் சேர்ந்த கோசோ தீவின் புகழ்பெற்ற கல்வளைவு 2017 மார்ச் 8 அன்று ஒரு புயலின்போதுதான் கடலுக்குள் சரிந்தது. இன்றைய கிரேக்கத்தில் காற்று, அதன் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8ஐ எட்டினால் பெரும்பாலான பயணிகள் கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்; சிறிய அதிவேகப் படகுகள் அதற்கும் முன்பே நின்றுவிடும். சில வேளைகளில் தடை இரண்டு, மூன்று நாட்கள் நீடிப்பதும் உண்டு.

ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரை இரண்டு நாளுக்கு ஒரு தீவு என்று திட்டம் போடாமல், ஒரே தீவில் தங்கிச் சுற்றுவது நல்லது. கப்பலில் போயே ஆக வேண்டுமென்றால் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரண்டு இரவுகளை, விமானம் புறப்படும் ஊரிலேயே தங்குவதற்கென்று ஒதுக்கிவிட வேண்டும். காற்று வழிவிட்டால் ஏதென்ஸிலோ பலெர்மோவிலோ கூடுதலாக ஒரு பகல் கிடைக்கும்.