மாடல் டாங்கியில் டிராக்கையும் ஸ்ப்ராக்கெட்டையும் ஒழுங்காகச் செய்வது எப்படி

பீரங்கிக் குழலுக்கும் அதைத் தாங்கிச் சுழலும் டரட்டுக்கும் கொடுக்கிற கவனத்தில் பாதியையாவது, சக்கரங்களைச் சுற்றி ஓடும் டிராக்குக்குக் கொடுங்கள். நிஜ வண்டியில் டிராக் எப்படி இழுபடுகிறது, எங்கே தேய்கிறது என்று தெரிந்துவிட்டால் பெயின்ட் வேலை பாதி முடிந்த மாதிரி.

முதலில், டிராக்கை இழுக்கும் சக்கரமான ஸ்ப்ராக்கெட் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஷெர்மன், டைகர், பேந்தர் டாங்கிகள் மூன்றுக்கும் முன்னால், டி-34 டாங்கிக்குப் பின்னால். ஸ்ப்ராக்கெட் தன்னை நோக்கி வரும் டிராக்கை இழுக்கும், தாண்டிப் போகிற பக்கம் தளரும். அதனால் வண்டி முன்னே போகும்போது ஷெர்மனில் மேல்பக்க டிராக் விறைப்பாக நிற்கும். டி-34-இல் கடைசிச் சக்கரத்திலிருந்து ஸ்ப்ராக்கெட்டுக்கு ஏறும் துண்டுதான் விறைக்கும், மேல்பக்கம் தொய்ந்து சக்கரங்கள் மேலேயே படுத்திருக்கும். பிரேக் போட்டாலோ ரிவர்ஸ் எடுத்தாலோ அப்படியே மாறிவிடும். உங்கள் வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்று முடிவு செய்துவிட்டுத்தான் தொய்வு வைக்க வேண்டும்.

இப்போது ஒட்டுவது. ஸ்ப்ராக்கெட் இரண்டு வளையமாக வந்தால், இரண்டின் பற்களும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், டிராக்கின் நாலைந்து கண்ணிகளை (கோத்து டிராக் ஆகும் துண்டுகளை) பற்களில் மாட்டி வைத்துக்கொண்டே ஒட்டுங்கள். அச்சில் மட்டும் ஒட்டாமல் சுழல விடுங்கள். தனித்தனிக் கண்ணிகள் என்றால் நேர்க்கோல் ஒன்றை ஓரமாக வைத்து வரிசையாக லிக்விட் சிமென்ட் (பிளாஸ்டிக் ஒட்டும் திரவப் பசை) தடவி, முழுதாக இறுகுவதற்கு முன், இன்னும் வளையும் பதத்திலேயே சக்கரங்களைச் சுற்றி மாட்ட வேண்டும். தொய்வு விழும் இடத்தில் டிராக்குக்கும் அதற்கு மேலே இருக்கும் ஃபெண்டர் தகட்டுக்கும் நடுவே பஞ்சைச் செருகி ஒரு ராத்திரி விடுங்கள். அப்புறம் டிராக், ஸ்ப்ராக்கெட், அதற்கு எதிர்முனையில் இருக்கும் ஐட்லர் சக்கரம் எல்லாவற்றையும் ஒரே துண்டாகக் கழற்றிப் பெயின்ட் அடிக்கலாம்.

டைகருக்குப் பக்கத்துக்கு 96 கண்ணி என்றால் 95-இலேயே சுற்று முடிந்துவிடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். நிஜ வண்டியிலும் கண்ணிகளைக் கோக்கும் ஆணியும் துளையும் தேயத் தேய டிராக் நீளும்; ஐட்லரை நகர்த்தி இறுக்குவார்கள், அதற்கும் மேல் போனால் ஒரு கண்ணியையே எடுத்துவிடுவார்கள். ஸ்ப்ராக்கெட் பற்களும் அதிகம் சுமை வாங்கும் முகத்தில்தான் தேய்ந்து கொக்கி மாதிரி வளையும். ஷெர்மனில் அந்த வளையத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, தேயாத முகத்தையும் பயன்படுத்துவார்கள். ஆகவே பல்லின் இரண்டு பக்கமும் ஒரே அளவு பளபளக்க வேண்டியதில்லை.

பளபளப்பு விஷயத்தில்தான் பலரும் தாறுமாறாகச் செய்கிறார்கள். இரும்போடு இரும்பு உரசும் இடம் மட்டுமே மின்னும். ஷெர்மன் சக்கரத்துக்கு ரப்பர் டயர். அது ஓடும் தடம் வழவழப்பாக இருக்குமே தவிர வெள்ளி மாதிரி மின்னாது. பிற்கால டைகரின் சக்கர விளிம்பு எஃகு, அங்கே தடம் நன்றாகவே பளிச்சிடும். டி-34 ஸ்ப்ராக்கெட்டில் வெளிப் பற்களே கிடையாது, உள்ளே இருக்கும் உருளைகள் டிராக்கின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளைப் பிடித்து இழுக்கும், அந்தக் கொம்பும் ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியில்தான். ஆகவே கொம்பின் முகங்களில் பளபளப்புக் காட்டுங்கள். இன்னொன்று: டி-34-இல் ஆணித் தலைகள் உள்பக்கம் இருக்கும், உள்பக்கமாக நழுவி வரும் ஆணியை ஹல்லின் (வண்டி உடலின்) பின்புறம் உள்ள சாய்வுத் தகடு தட்டித் துளைக்குள்ளேயே தள்ளிவிடும். அந்தத் தகட்டிலும் கொஞ்சம் உரசல் காட்டினால் விவரம் தெரிந்தவர்கள் நின்று பார்ப்பார்கள்.

நிறத்துக்கு அடர் பழுப்பு கலந்த சாம்பல் போதும். ஓடுகிற டிராக்கில் துரு கட்டி கட்டியாக நிற்காது, மெல்லிய செம்பழுப்புப் படலம்தான், அதையும் பள்ளங்களில் மட்டும் விடுங்கள். சேற்றைப் பூசிய பிறகு, காயும் முன் உரசும் இடங்களைத் துடைத்துவிட்டு, காய்ந்ததும் 4பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். சில்வர் பெயின்ட் வேண்டவே வேண்டாம்.