மாநில அளவில் முற்போக்கு வலைப்பதிவர் விருது: அமைப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மாநிலத்தின் அரசியலில் பார்வையாளர் நாற்காலிகள் காலியாகவே கிடக்கும் இடங்கள் பல உண்டு. பள்ளி வாரியத்தின் இரவுக் கூட்டம், சட்டமன்றத் துணைக்குழு நடத்தும் விசாரணை, கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஆணையர்கள் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தரும் அமர்வு. உள்ளூர் நாளிதழ்கள் செய்தியாளர்களைக் குறைத்துக்கொண்டே வந்த காலத்தில், அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்த நாற்காலிகளில் போய் உட்கார்ந்தவர்கள் வலைப்பதிவர்கள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, ஒரு காசு வாங்காமல் இரவில் எழுதியவர்கள். அவர்களுக்கு விருது கொடுக்க ஓர் அமைப்பு முன்வருவது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அவசரத்தில் விதிமுறைகளை எழுதினால், யாருக்காக விருது தொடங்கினோமோ அவர்கள் பட்டியலுக்குள்ளேயே வர மாட்டார்கள்.

வாக்கெடுப்பை நம்புவது

பெரும்பாலான விருதுகள் சறுக்குவது இங்கேதான். இணையத்தில் ஒரு வாக்குப்பெட்டியைத் திறந்துவைத்தால் கூட்டம் வரும், விருதின் பெயர் பரவும், நடுவர்களைத் தேடி அலைய வேண்டாம். அமைப்பாளர்களுக்கு இது வசதி. ஆனால் அந்தப் பெட்டி அளப்பது ஒருவரிடம் எத்தனை பேரைத் திரட்டும் வலிமை இருக்கிறது என்பதை மட்டுமே. ஆளுநரைத் தினமும் திட்டி ஐம்பதாயிரம் பின்தொடர்வோரைச் சேர்த்தவர் ஒருமுறை இணைப்பைப் பகிர்ந்தால் போதும். குடிநீர் வாரியத்தின் வரவுசெலவை மூன்று ஆண்டுகளாக வரிவரியாகப் படித்து, முந்நூறு பேருக்காக எழுதிவருபவர் அன்றே தோற்றுவிடுவார்.

2000களின் தொடக்கத்தில் இடதுசாரிச் சாய்வுள்ள அமெரிக்க வலைப்பதிவர்களுக்காக ‘கூஃபாக்ஸ் விருதுகள்’ நடத்தப்பட்டன. இடக்கையால் பந்து வீசிய பேஸ்பால் வீரர் சாண்டி கூஃபாக்ஸின் பெயரை வைத்தார்கள். அதுவும் வாசகர் வாக்கில் நடந்ததுதான். ஆனாலும் அதன் பிரிவுகளில் ‘சிறந்த மாநில அல்லது உள்ளூர் வலைப்பதிவு’ என்று ஒன்றும், ‘இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியவர்’ என்று இன்னொன்றும் இருந்தன. அந்த இரண்டாவது பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. புகழுள்ளவர்களோடு போட்டியிட வைத்தால் யார் காணாமல் போவார்கள் என்பதை உணர்ந்தவர்கள்தான் அப்படி ஒரு பிரிவை யோசிப்பார்கள்.

வாசகர்கள் பரிந்துரைக்கட்டும், நடுவர்கள் படித்துத் தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு பரிந்துரையோடும் அந்த ஆண்டில் எழுதிய மூன்று பதிவுகளைக் கேளுங்கள். ‘இதனால் என்ன மாறியது’ என்று கேட்பதும் நல்லதுதான், ஆனால் அதையே அளவுகோலாக்கிவிட வேண்டாம். மோசமான ஒரு மசோதாவை இரண்டு ஆண்டுகள் விடாமல் அம்பலப்படுத்தியும், கடைசியில் அது நிறைவேறியதைப் பார்த்தவரின் உழைப்பும் உழைப்புதான்.

கட்சியையும் முற்போக்கையும் ஒன்றாக்குவது

‘முற்போக்கு’ என்றால் என்ன என்பதைப் பரிந்துரைப் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். தொழிலாளர் உரிமை, வாக்குரிமை, மருத்துவ வசதி, இனச் சமத்துவம், சுற்றுச்சூழல் என்று நான்கைந்து வரிகள் போதும். எழுதாமல் விட்டால், விருது மெல்ல மெல்ல ஜனநாயகக் கட்சிக்கு உதவியவர்களுக்கான நன்றிக் கேடயமாக மாறிவிடும்.

2006 ஆகஸ்டில் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மூன்று முறை வென்ற செனட்டர் ஜோ லீபர்மன், 2000இல் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர், தன் சொந்தக் கட்சியான ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் நெட் லமாண்டிடம் தோற்றார். ஈராக் போருக்கு லீபர்மன் தந்த ஆதரவை எதிர்த்து மாதக்கணக்கில் எழுதிய வலைப்பதிவர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. நவம்பரில் லீபர்மன் சுயேச்சையாக நின்று வென்றுவிட்டார் என்பது வேறு கதை. அந்த ஆண்டு மாநிலக் கட்சி நிர்வாகிகள் நடுவர்களாக இருந்திருந்தால், அந்தப் பதிவர்களின் பெயரை ஒருவராவது உச்சரித்திருப்பாரா?

இதே ஆண்டு வர்ஜீனியாவில் நடந்தது இன்னொரு பாடம். ஜிம் வெப் செனட் தேர்தலில் நிற்க வேண்டும் என்று வலைப்பதிவர்கள் இயக்கம் நடத்தினார்கள். அவர் நின்றார், வென்றார். அவர்களில் சிலர் பிறகு அவருடைய பிரசாரத்தில் பணியாற்றினார்கள். நம்புகிற வேட்பாளருக்காக வேலை செய்வதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் பிரசாரத்தில் ஊதியம் பெறுபவர் நடுவராக உட்காரக் கூடாது. பரிந்துரைக்கப்படுபவர் யாரிடமாவது பணம் பெற்றிருந்தால், அதைத் தன் வாசகர்களுக்கு அறிவித்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

விருது வழங்கும் அமைப்பு வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் பதிவான தொண்டு நிறுவனம் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. வேட்பாளர் எவரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ அத்தகைய அமைப்புகளுக்கு 1954 முதல் தடை இருக்கிறது. அக்டோபரில் மேடை போட்டு, நவம்பரில் போட்டியிடும் ஒருவரைத் தூக்கிப் பிடித்த பதிவுக்குப் பரிசு கொடுத்தால் வரித்துறைக்கு விளக்கம் எழுத வேண்டி வரலாம். விழாவைத் தேர்தல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாமே.

புனைபெயரைக் கலைப்பது

மற்ற தவறுகளை அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்தவே முடியாது.

அமெரிக்க அரசியல் எழுத்தில் புனைபெயருக்கு நீண்ட வரலாறு உண்டு. அரசமைப்புச் சட்டத்தை ஆதரித்து 1787–88இல் வெளிவந்த கட்டுரைகளே ‘பப்ளியஸ்’ என்ற பெயரில்தான் வந்தன. பெயர் போடாமல் அரசியல் துண்டறிக்கை விநியோகிக்கும் உரிமையை 1995இல் ஓஹையோ வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2002 டிசம்பரில், இனப் பிரிவினைக் கொள்கையோடு அதிபர் தேர்தலில் நின்ற ஒருவரைப் புகழ்ந்து பேசிய செனட்டர் ட்ரென்ட் லாட்டின் சொற்களை நாளிதழ்கள் முதலில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதை விடாமல் பிடித்து வைத்திருந்த பதிவர்களில் ஒருவர் ‘ஏட்ரியாஸ்’ என்ற பெயரில் எழுதியவர். லாட் செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார்.

2009 மார்ச்சில் அலாஸ்காவில் நடந்தது மனதைத் தைப்பது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அப்போதைய ஆளுநர் சாரா பேலின் பற்றி எழுதி நாடெங்கும் வாசகர்களைப் பெற்ற ‘மட்ஃப்ளாட்ஸ்’ வலைப்பதிவின் ஆசிரியர் பெயரை மறைத்தே எழுதிவந்தார். அவருடைய உண்மைப் பெயரைத் தன் செய்திமடலில் வெளியிட்டவர் எதிர் முகாமைச் சேர்ந்தவர் அல்லர். அவர் ஜனநாயகக் கட்சியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்.

விருது அமைப்பாளர்கள் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. ‘விண்ணப்பத்தில் முழுப் பெயர் கட்டாயம்’ என்ற ஒரு வரி, எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு கோப்பு, மேடையில் உற்சாகத்தில் எடுக்கப்படும் ஒரு புகைப்படம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். பெயரை மறைத்து எழுதுபவர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவராக இருக்கலாம், மிரட்டலுக்குப் பயந்து வீடு மாறியவராகவும் இருக்கலாம். எனவே பரிந்துரை வந்ததும் முதலில் அவரிடம் தனியாகக் கேளுங்கள்: பட்டியலில் பெயர் வரலாமா, எந்தப் பெயரில் வரலாம், விழாவுக்கு வராமல் வேறொருவர் பெற்றுக்கொள்ளலாமா? அவர் வேண்டாம் என்றால், பரிந்துரைக்கப்பட்டார் என்ற தகவலே வெளியே போகக் கூடாது. பரிசுப் பணம் பொதுவாக வரிக்கு உட்பட்டது என்பதால் உண்மைப் பெயர் ஓரிடத்தில் தேவைப்படும். அது ஒரே ஒருவரின் கையில் மட்டும் இருக்கட்டும். பணமே வேண்டாம், தொண்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அதற்கான வரி நிபந்தனைகளை அறிவிப்புக்கு முன்பே கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

எழுதுபவர்களை மட்டும் பார்ப்பது

2009 ஜனவரியில் ‘சோப்பிளாக்ஸ்’ என்ற தளச் சேவை ஊடுருவலுக்கு உள்ளானபோது, அதை நம்பியிருந்த பல மாநில முற்போக்கு வலைப்பதிவுகள் ஒரே நாளில் முடங்கின. அத்தனை மாநிலங்களின் விவாதமும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் பலருக்கும் தெரிந்தது. தளத்தைக் காப்பவர், வாசகர் விவாதங்களில் வசைகளை அகற்றி உட்கார்ந்திருப்பவர், வாக்குச்சாவடி வாரியாகத் தரவுகளைத் தொகுப்பவர், தேர்தல் அறிவிப்புகளை ஸ்பானிய மொழியில் தருபவர் ஆகியோர் எவரும் ‘சிறந்த பதிவு’ என்ற பிரிவுக்குள் வர மாட்டார்கள். வர்ஜீனியாவில் 2006இல் ஜிம் வெப்பை எதிர்த்து நின்ற செனட்டர் ஜார்ஜ் ஆலன், தன்னைப் படமெடுத்த இந்திய வம்சாவளி இளைஞரை இனவசையால் அழைத்த காணொளி தேர்தலையே திருப்பியது. ஆலன் சுமார் 9,300 வாக்குகளில் தோற்றார். அதற்கு அந்த இளைஞர் கட்டுரை எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. கேமராவைக் கீழே இறக்காமல் நின்றார்.

தலைநகரமும் மாநிலத்தின் மிகப்பெரிய நகரமும் மட்டுமே பட்டியலை நிரப்புவது இதோடு சேர்ந்த குறை. நடுவர்களில் பாதிப்பேரையாவது இந்த நகரங்களுக்கு வெளியிலிருந்து எடுத்தால் இது ஓரளவு சரியாகும்.

சரிபார்க்காமல் கொடுப்பது

பரிசு பெறும் பதிவில் ஒருவர்மீது குற்றச்சாட்டு இருந்தால், அதன் ஆதாரத்தை நடுவர்கள் தாங்களே பார்க்க வேண்டும். விருது கிடைத்த பதிவு அதிகம் படிக்கப்படும், அவதூறு வழக்குத் தொடுப்பவர்களின் கண்ணிலும் அது படும். விமர்சகர்களை வாயடைக்கப் போடப்படும் வழக்குகளுக்கு எதிரான சட்டம் கலிஃபோர்னியாவில் 1992இல் இயற்றப்பட்டது, ஆனால் எல்லா மாநிலங்களிலும் இல்லை. உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். தன் பிழையைப் பதிவின் உச்சியிலேயே ஒப்புக்கொண்டு திருத்தியவரைக் கண்டால், அதைக் குறையாகக் கணக்கிட வேண்டாம். நான் நடுவராக இருந்தால் அவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போடுவேன்.

கேடயத்தோடு நிறுத்திக்கொள்வது

பளிங்குக் கேடயத்துக்கு ஆகும் செலவில் ஒருவருடைய தளத்துக்கு ஓராண்டு வாடகை கட்டலாம். அரசு ஆவணங்களின் நகல் கேட்டால் பல மாநிலங்களில் கட்டணம் வாங்குகிறார்கள், அதற்கென ஒரு தொகை ஒதுக்கலாம். ஊடகச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரின் சில மணி நேர ஆலோசனையைப் பரிசில் சேர்க்கலாம்.

இன்னொன்றையும் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். தளத்தின் முகவரிப் பெயருக்கான பதிவைப் புதுப்பிக்கத் தவறினால் பத்தாண்டு எழுத்தும் ஒரு நாளில் மறைந்துவிடும். பழைய விருதுப் பட்டியல்களைத் திறந்து பார்த்தால் இணைப்புகளில் பல எங்கும் போய்ச் சேருவதில்லை. முடிவை அறிவிப்பதற்கு முந்தைய நாள், வென்றவரின் சம்மதத்தோடு, பரிசு பெற்ற ஒவ்வொரு பதிவையும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்து, அந்த இணைப்பையும் விருதுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். ஒரு பதிவுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.