இளநிலை ஆய்வுத் திட்டங்களில் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பூர்வகுடியினர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் ஆகியோரில் முனைவர் பட்டம் வரை செல்பவர்கள் இன்றும் குறைவாகவே இருக்கிறார்கள். இளநிலைப் படிப்பின்போதே இவர்களை ஆய்வில் ஈடுபடுத்தி மேற்படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் திட்டங்கள் பல, 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் உருப்பெற்றன. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கல விபத்தில் உயிரிழந்த இயற்பியலாளர் ரொனால்ட் மெக்நெயரின் பெயரில் கூட்டரசின் கல்வித்துறை நடத்தும் திட்டம், மேரிலாந்து பால்டிமோர் கவுன்டி பல்கலைக்கழகத்தில் 1988-இல் தொடங்கப்பட்ட மேயர்ஹாஃப் திட்டம், அதே ஆண்டில் இலக்கியம், வரலாறு போன்ற மானுடப் புலங்களை முதன்மையாகக் கொண்டு தொடங்கிய மெலன் மேஸ் திட்டம், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் 1991-இல் தொடங்கிய லூயி ஸ்டோக்ஸ் கூட்டமைப்பு ஆகியவை அவற்றுள் நன்கு அறியப்பட்டவை. இவற்றில் இடம் கிடைத்தும் முழுப் பயனைப் பெறாமல் வெளியேறும் மாணவர்கள் உண்டு. அதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும், திட்டம் எதற்காக இருக்கிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டதே காரணம்.

முதல் தவறு விண்ணப்பத்துக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. விதிமுறையை முழுவதும் படிக்காமல் 'இது நமக்கானது அல்ல' என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். மெக்நெயர் திட்டத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சேர்த்துக்கொள்ளும் மாணவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்த வருமானக் குடும்பத்தினராகவும், பெற்றோர் இளநிலைப் பட்டம் பெறாதவராகவும் இருக்க வேண்டும். எஞ்சிய இடங்களை முனைவர் படிப்பில் போதிய பங்கு பெறாத குழுக்களைச் சேர்ந்தவர்களுக்குத் தரலாம் என்று அத்திட்டத்தின் சட்டம் வகுத்தது. வருமானம் என்று இங்கே சொல்லப்படுவது கையில் வரும் மொத்தச் சம்பளத்தை அன்று, வரிக்குரிய வருமானத்தையே. அது வறுமைக்கோட்டு அளவின் 150 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆசிய வம்சாவளியினர் என்பதால் கதவு அடைக்கப்பட்டுவிட்டதாக எண்ணத் தேவையில்லை. உணவகத்திலோ பெட்ரோல் நிலையத்திலோ வேலை பார்க்கும், டிப்ளமோவுடன் படிப்பை நிறுத்திய பெற்றோரின் பிள்ளை முதல் வகையிலேயே தகுதி பெறக்கூடும். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். மாணவர் விசாவில் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்றவர்களுக்கு இத்திட்டத்தில் இடமில்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியளிக்கும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிகளுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும் என்பதால், அவர்கள் தங்கள் துறைப் பேராசிரியரின் கையிலுள்ள ஆய்வு நிதியில் வேலை கேட்பதே நடைமுறைக்கு உகந்த வழி.

அடுத்தது காலம் தாழ்த்துவது. முனைவர் படிப்புக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் இறுதியாண்டின் டிசம்பர் மாதத்திலேயே முடிந்துவிடுகின்றன. ஆகவே இறுதியாண்டு தொடக்கத்தில் ஆய்வில் சேர்பவருக்குக் கையில் இருப்பது ஏறக்குறைய மூன்று மாதங்கள்தாம். அதற்குள் சொல்லத்தக்க முடிவு எதுவும் வந்திராது. கோடைக்காலப் பயிற்சிகளுக்கான கெடு பல இடங்களில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலேயே வந்துவிடும். மே மாதத்தில் விசாரிப்பவருக்கு அடுத்த ஆண்டுதான்.

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. திட்டம் தரும் உதவித்தொகையையும், தன்விவரக் குறிப்பில் சேரும் ஒரு வரியையும், கோடை முடிவில் ஆய்வை விளக்கிச் சுவரில் ஒட்டப்படும் போஸ்டரையும் திட்டத்தின் பலன் என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். போஸ்டரை வைத்து யாரும் முனைவர் படிப்புக்கு இடம் தருவதில்லை. சேர்க்கைக் குழு ஊன்றிப் படிப்பது பரிந்துரைக் கடிதங்களை. வழக்கமாக அவை மூன்று. 'இந்த மாணவி என் வகுப்பில் ஏ கிரேடு பெற்றார், ஒழுக்கமானவர், சுறுசுறுப்பானவர்' என்ற கடிதம் பாராட்டுப் போலத் தெரிந்தாலும், எழுதியவருக்கு அந்த மாணவியைப் பற்றி வேறெதுவும் தெரியாது என்பதையே காட்டிக்கொடுக்கிறது. 'கட்டுப்பாட்டு மாதிரி மாசுபட்டிருந்ததை இவரே கண்டறிந்து, அதுவரை எடுத்த அளவீடுகளைத் தாமாகவே ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கினார்' என்று எழுதப்படும் ஒரே வாக்கியம் மதிப்பெண் பட்டியல் முழுவதையும்விடக் கனமானது. அப்படி எழுத வேண்டுமானால் அந்தப் பேராசிரியர் அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்கும் வாய்ப்பை மாணவர்தான் உருவாக்க வேண்டும்.

இங்கேதான் முதல் தலைமுறை மாணவர்கள் அதிகம் இழக்கிறார்கள். பேராசிரியர் பெற்றோரின் பிள்ளைகளுக்கு, பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் அலுவலக நேரத்தில் சென்று பாடத்துக்கு அப்பாற்பட்ட கேள்வி கேட்பது வீட்டிலேயே பழகிய வழக்கம். மற்றவர்கள், பெரியவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற மரியாதையோடு விலகி நிற்கிறார்கள். அந்த மரியாதை ஆய்வகத்தில் ஆர்வமின்மையாகப் படிக்கப்படுகிறது என்பது வருந்தத்தக்க உண்மை. வாரந்தோறும் 15 நிமிடச் சந்திப்பொன்றை மாணவரே கேட்டுப் பெற்று, அந்த வாரம் செய்தது, எதிர்பார்த்தபடி நடக்காதது, அடுத்து முயலப்போவது ஆகியவற்றை அரைப் பக்கத்தில் எழுதிச் சென்றால் போதும். கடிதத்துக்கான சரக்கு தானாகவே சேர்ந்துவிடும்.

வழிகாட்டியை முதன்முதலில் அணுகும் மின்னஞ்சலும், மேலே சொன்ன பொதுப்படையான பரிந்துரைக் கடிதத்தின் அதே நோயால் பாதிக்கப்படுகிறது. 'தங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு, வாய்ப்பளித்தால் கடுமையாக உழைப்பேன்' என்ற மடலை எந்தப் பேராசிரியருக்கும் அனுப்பலாம். அதனாலேயே பதில் வருவதில்லை. 'தங்கள் குழுவின் சென்ற ஆண்டுக் கட்டுரையில், வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டியதும் நொதியின் வேகம் சட்டென்று விழுவதை இரண்டாம் வரைபடத்தில் கண்டேன். அமிலத்தன்மையை மாற்றினாலும் அதே இடத்தில்தான் விழுமா என்று அறிய விரும்புகிறேன்' என்று எழுதுவதற்கு ஒரு மாலை முழுவதும் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் பதில் வருவதற்கான வாய்ப்பு அதற்குத்தான் அதிகம்.

வழிகாட்டியின் புகழை மட்டும் பார்த்து ஆய்வகத்தைத் தேர்வதும் சரியன்று. பெரிய ஆய்வகங்களில் இளநிலை மாணவருக்கு அன்றாடம் வேலை கற்றுத்தருபவர் முனைவர் பட்ட மாணவரோ, அப்பட்டம் முடித்து ஆய்வைத் தொடரும் முதுமுனைவர் ஆய்வாளரோதான். பேராசிரியரை மாதக்கணக்கில் பார்க்காமலே கோடை முடிந்துவிடலாம். அத்தகைய இடத்தில் சேர்ந்துவிட்டால், கூட இருந்து பார்த்தவரிடம் கடிதத்துக்கான குறிப்புகளை எழுதித் தரச் சொல்லிப் பேராசிரியரின் கையெழுத்தோடு அனுப்பக் கேட்கலாம். அது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கமே.

தடுமாற்றத்தை மறைப்பது இன்னொரு பழக்கம். மேயர்ஹாஃப் திட்டம் இதை நேராக எதிர்கொண்டது. பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் தலைவரான ஃப்ரீமன் ரபோவ்ஸ்கி அதை வடிவமைத்தபோது, திறமையான மாணவர்களும் தனியே உட்கார்ந்து படித்தே தோற்கிறார்கள் என்பதைக் கணக்கில் கொண்டு, குழுவாகப் படிப்பதைத் திட்டத்தின் அடிப்படையாக்கினார். முதலாண்டுக்கு முந்தைய கோடையிலேயே மாணவர்களை ஒன்றாகத் தங்கவைத்துப் பயிற்சி அளிக்கிறார்கள். அடிப்படை அறிவியல் பாடத்தில் சி கிரேடு வாங்கினால் தேர்ச்சிதானே என்று நகர்ந்துவிடாமல், அதே பாடத்தை மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். கௌரவம் பார்ப்பவர்களுக்கு இது கசப்பான மருந்து. என் பார்வையில் அத்திட்டத்தின் மிகச் சிறந்த அம்சம் இதுவே.

முனைவர் படிப்பு விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையை எழுதும்போது நேர்வது சற்று நுட்பமான பிழை. கடந்து வந்த வறுமையையும் இழப்புகளையும் இரண்டு பக்கம் விவரித்துவிட்டு, ஆய்வைப் பற்றிக் கடைசிப் பத்தியில் நான்கு வரி எழுதுகிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் வாழ்க்கைப் பின்னணிக்கென்று தனி அறிக்கை கேட்கின்றன; அவ்வரலாற்றுக்கு உரிய இடம் அதுதான். நோக்க அறிக்கையில் எந்தக் கேள்வியை ஆராய்ந்தீர்கள், எது பொய்த்தது, அதிலிருந்து எந்தக் கேள்வி பிறந்தது, அதை அந்தத் துறையில் யாரோடு தொடர விரும்புகிறீர்கள் என்பவை வர வேண்டும். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை; அது ஏன் வரவில்லை என்று விளக்கத் தெரிந்தவரையே குழு தேடுகிறது.

பணம் பற்றிய அறியாமை கடைசியில் பெருஞ்செலவில் கொண்டு விடுகிறது. முனைவர் படிப்புக்கு முன் முதுகலை முடித்தே ஆக வேண்டும் என்று எண்ணிக் கடன் வாங்கிச் சேர்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பல துறைகளில் இளநிலைப் பட்டத்திலிருந்து நேரடியாக முனைவர் படிப்பில் சேரலாம். அறிவியல், பொறியியல் துறைகளில் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, மாதந்தோறும் உதவித்தொகையும் தருவது வழக்கம். மெக்நெயர் மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன என்றாலும், கேட்காதவருக்குக் கிடைக்காது. மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வையே நீக்கிவிட்ட துறைகள் இப்போது ஏராளம். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் துறையின் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் முனைவர் ஆய்வு நல்கைக்கு இளநிலை இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இடம் கிடைத்த பிறகும் அவசரம் கூடாது. உதவித்தொகையோடு தரப்படும் இடத்தை ஏற்பதா என்று முடிவு சொல்ல, அமெரிக்க முதுநிலைக் கல்விக் கழகங்களின் கூட்டமைப்போடு உடன்பட்ட பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. அதற்குமுன் பதில் கேட்டு நெருக்கினால், அந்த உடன்பாட்டைச் சுட்டிக்காட்டிக் கால நீட்டிப்புக் கேட்க மாணவருக்கு உரிமையுண்டு. அந்த வாரங்களில், சேர எண்ணும் ஆய்வகத்தின் இப்போதைய மாணவர்களைப் பேராசிரியர் உடன் இல்லாத நேரத்தில் தனித்தனியே அழைத்து, பட்டம் முடிக்க எத்தனை ஆண்டு ஆகிறது, பாதியில் விலகியவர்கள் யார், ஏன் விலகினார்கள், கோடையிலும் உதவித்தொகை வருகிறதா என்று கேட்டுவிட வேண்டும்.