ஷாம்பு பாட்டிலில் உள்ள பீட்டெய்னைப் புரிந்துகொள்ளும் முறை

குளியலறையில் இருக்கும் ஷாம்புவையோ முகம் கழுவும் திரவத்தையோ கையில் எடுத்துக்கொண்டு இதைப் படியுங்கள். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும் பொடி எழுத்துகளுக்கு நடுவே ‘கோகமிடோபுரோப்பைல் பீட்டெய்ன்’ என்ற நீண்ட பெயர் பெரும்பாலும் இருக்கும்; எண்ணெயையும் அழுக்கையும் நீக்கும் பொருள் அது, சுருக்கமாகப் பீட்டெய்ன் என்போம். அந்தப் பெயரைப் பார்த்து மிரளவும் வேண்டாம், ‘தேங்காயிலிருந்து எடுத்தது’ என்று முன்பக்கம் போட்டிருப்பதை நம்பி நிம்மதியடையவும் வேண்டாம்.

முதலில், அது செய்யும் வேலையைக் கண்ணால் பாருங்கள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூளைத் தூவி, நடுவில் ஒரு துளி ஷாம்பு விடுங்கள். தூள் சட்டென்று விளிம்புக்கு விலகி ஓடும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை அந்த இடத்தில் குறைந்துவிட்டதே காரணம். இப்படிச் செய்யும் மூலக்கூறுக்குத் தண்ணீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் உண்டு. தலைமுடியில் உள்ள எண்ணெய்க்குள் வால்கள் புதைந்து, தலைகள் வெளியே நின்று, சிறு உருண்டைகளாகத் திரள்வதால் எண்ணெய் தண்ணீரோடு போய்விடுகிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சப்போனினும் இதையேதான் செய்கிறது.

அடுத்து, பட்டியலில் அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். அளவு கூடுதலாக உள்ளது முன்னும் குறைவாக உள்ளது பின்னுமாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 1 சதவீதமும் அதற்குக் குறைவும் உள்ளவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். தண்ணீர், அழுக்கு நீக்கும் இன்னொரு பொருளான சோடியம் லாரெத் சல்பேட், பிறகு பீட்டெய்ன் என்பதே வழக்கமாகக் காணும் வரிசை. இந்தக் கூட்டணியில்தான் விஷயமே இருக்கிறது. லாரெத் சல்பேட் எதிர்மின்னேற்றம் கொண்டது. பீட்டெய்னின் ஒரே மூலக்கூறில் நேர், எதிர் இரண்டு மின்னேற்றங்களும் உண்டு. இரண்டும் கலந்து ஒரே உருண்டையில் நெருங்கி உட்காரும்போது, தோலை உறுத்தும் சல்பேட்டின் கடுமை தணிகிறது, நுரையும் நின்று பிடிக்கிறது. அதே பட்டியலில் சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு இருப்பதைப் பார்த்துக் கலப்படம் என்று எண்ணிவிடாதீர்கள்: அளவோடு சேர்க்கும் உப்பு அந்த உருண்டைகளை நீண்ட இழைகளாக்கி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்து, திரவத்தைக் கெட்டியாக்குகிறது. ஆகவே, கெட்டியாக இருக்கும் ஷாம்புதான் தரமானது என்று கடையில் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

சென்னையில் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் வீட்டார் இன்னொரு சோதனையையும் செய்து பார்க்கலாம். எங்கள் வேளச்சேரி வீட்டுத் தண்ணீரை இரண்டு பாட்டில்களில் பாதியளவு பிடித்து, ஒன்றில் குளியல் சோப்பைச் சீவிப் போட்டும் மற்றதில் சில துளி ஷாம்பு விட்டும் குலுக்கினேன். சோப்பு பாட்டிலில் நுரை எழும்பாமல் வெண்மையான திப்பிகள் மிதந்தன. ஷாம்பு பாட்டிலில் நுரை கழுத்துவரை நின்றது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும் அந்தத் திப்பிதான் முடியில் பிசுபிசுப்பாக ஒட்டுகிறது.

கடைசியாக, ஒவ்வாமை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு டைமெத்திலமினோபுரோப்பைலமின் என்ற பொருளைச் சேர்த்து, பிறகு சோடியம் மோனோகுளோரோஅசிட்டேட்டுடன் வினைபுரியச் செய்து பீட்டெய்னைத் தயாரிக்கிறார்கள். வினையில் தீராமல் மிஞ்சும் இடைப்பொருள்களே பெரும்பாலும் ஒவ்வாமைக்குக் காரணம். அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2004ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகப் பீட்டெய்னை அறிவித்தது. தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்கிறவருக்கும் இது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். புதிதாக வாங்கியதை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஐந்து நிமிடம் கழித்துக் கழுவி, ஒரு வாரம் தினமும் இருவேளை இப்படிச் செய்துவிட்டுத் தலைக்குப் போடுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ நிறுத்திவிடுங்கள்.

என் அக்காவுக்குக் கண் இமையும் கழுத்தும் வாரக்கணக்கில் அரித்தபோது நாங்கள் கண் மையைத்தான் சந்தேகித்தோம். தோல் மருத்துவர் முதுகில் பேட்ச் டெஸ்ட், அதாவது சந்தேகப்படும் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை, செய்த பிறகே பீட்டெய்ன்தான் காரணம் என்று தெரிந்தது. கைகழுவும் திரவத்திலும் சில பற்பசைகளிலும்கூட அது இருப்பதால், அக்கா அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கடையில் பாட்டிலைத் திருப்பிப் பார்த்த பிறகே கூடையில் போடுகிறார்.