பூவா தலையா: ரோம அரசியின் வெள்ளிக்காசைப் படிப்பது எப்படி?

காசைக் கையில் எடுத்ததும் முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். எழுத்திலிருந்து தொடங்குங்கள். யூலியா டோம்னாவின் தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிரியாவின் எமேசாவில் பிறந்து, பேரரசர் செப்டிமியஸ் செவேரஸை மணந்தவர் இவர்.

1. எடை போடுங்கள். சுமார் 3 கிராம், குறுக்களவு 18 மி.மீ. போல இருக்கும். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடினால் சந்தேகப்படுங்கள். அது அச்சில் அடிக்காமல் வார்த்த போலியாக இருக்கலாம். அப்புறம், வெள்ளிக் கொலுசைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்!

2. தலைப்பக்கம். கடிகாரத்தில் 7 மணி இருக்கும் இடத்தில் தொடங்கி வலமாகப் படியுங்கள். 'உ' ஓசைக்கு ஆங்கில 'வி' வடிவம்தான் இருக்கும், குழம்ப வேண்டாம். 'யூலியா டோம்னா அவுக்' என்றிருந்தால் கி.பி. 193-196 ('அவுக்' என்பது அரசிக்குரிய 'அவுகுஸ்தா' பட்டத்தின் சுருக்கம்). 'யூலியா அவுகுஸ்தா' என்றால் 196-211. 'யூலியா பியா ஃபெலிக்ஸ் அவுக்' என்றால் மகன் கரகல்லா ஆண்ட காலம். காசில் ஆண்டே போடவில்லை, ஆனாலும் பெயரே காலத்தைச் சொல்லிவிடுகிறது. பெயருக்கு முன் 'தீவா' இருந்தால், இறந்தபின் தெய்வமாக்கப்பட்டவர் என்று பொருள். பேரரசர் அந்தோனினஸ் பயஸின் மனைவி மூத்த ஃபாஸ்டினாவின் காசுகளில் இதை நிறையப் பார்க்கலாம்.

3. கூந்தல். டோம்னாவுக்கு அலை அலையாக வாரி, பின்னால் பெரிய கொண்டை. தலைக்கவசமோ என்று தோன்றும். எழுத்து தேய்ந்த காசில் இதுதான் கைகொடுக்கும்.

4. பூப்பக்கம். நிற்கும் பெண்ணின் கையில் என்ன, காலடியில் என்ன என்று பாருங்கள். நம் காசில் ஒரு கையில் தட்டு, மறு கையில் செங்கோல், காலடியில் மயில். நமக்கு முருகன் நினைவு வரும்; அங்கே அது ரோமரின் தெய்வ அரசி யூனோவின் பறவை. ஆப்பிள் இருந்தால் காதல் தெய்வம் வீனஸ், தானியக் கதிர் இருந்தால் விளைச்சல் தெய்வம் செரெஸ், சிங்கம் இருந்தால் தாய்த்தெய்வம் சிபெலே. எனக்குப் பிடித்தது வேறொன்று: கப்பல் முனையில் கால் வைத்து, குழந்தை ஹோரஸுக்குப் பாலூட்டும் ஐசிஸ். எகிப்தியத் தெய்வம் ரோமக் காசில்!

இந்த முறை எல்லாக் காசுக்கும் பலிக்காது. கொங்குப் பகுதிப் புதையல்களில் கிடைத்த, ரோமப் பேரரசன் தைபீரியஸின் காசுகளில் செங்கோலும் கிளையுமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவனுடைய தாய் லிவியா என்று பலர் கருதுகிறார்கள். சுற்றியுள்ள எழுத்திலோ தைபீரியஸின் பட்டம் மட்டும்தான் இருக்கிறது, அவள் பெயர் இல்லை.