ஷெல் ஸ்கிரிப்ட் வெளியீட்டுக்கு நிறம் சேர்த்தல்

காப்புப்பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று நூற்றுக்கணக்கான வரிகளைத் திரையில் கொட்டும்போது, தோல்வியைச் சொல்லும் ஒற்றை வரி கண்ணில் படாமலே மேலே நகர்ந்துவிடுகிறது. அந்த வரியைச் சிவப்பில் காட்டுவது எளிது. அதே வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கும்போது நிறக் குறியீடுகளும் குப்பையாகச் சேர்ந்துகொள்ளாதபடி தடுப்பதற்குத்தான் கவனம் வேண்டும்.

நிறத்துக்கெனத் தனி வழி ஏதும் இல்லை. உரையோடு உரையாகவே கட்டளையும் முனையத்துக்கு, அதாவது கட்டளைகளை இட்டு விடை காணும் டெர்மினல் திரைக்கு, செல்கிறது. எஸ்கேப் எனப்படும் 27ஆம் எண் எழுத்து, இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி, ஓர் எண், இறுதியில் ஆங்கிலச் சிற்றெழுத்தான எம் ஆகியவை அடுத்தடுத்து வந்தால், முனையம் அவற்றை அச்சிடாமல் தனக்கு இடப்பட்ட ஆணையாக எடுத்துக்கொள்ளும். இம்முறையைப் பரவலாக்கிய முனையங்களுள் முதன்மையானது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100. வேடிக்கை என்னவென்றால், அதன் திரையில் நிறமே கிடையாது.

எஸ்கேப் எழுத்தின் 27 என்ற எண்ணை எட்டடிமான (ஆக்டல்) முறையில் எழுதினால் 033 என்பதால், ஸ்கிரிப்டில் \033[31 என்று எழுதி அதை ஒட்டி எம் இட்டால் சிவப்பு தொடங்கும். 30 முதல் 37 வரை முறையே கருப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மெஜந்தா, சயான், வெள்ளை. இவற்றோடு 10 கூட்டினால் அதே நிறம் பின்னணியாகும். 1 தடித்த எழுத்து, 4 அடிக்கோடு. 1;31 என அரைப்புள்ளியால் இணைத்தும் எழுதலாம். 0 அனைத்தையும் பழைய நிலைக்குத் திருப்பும். அதை மறந்தால், ஸ்கிரிப்ட் முடிந்த பின்னும் முனையம் சிவப்பாகவே நிற்கக்கூடும். 38;5 என்று தொடங்கி 256 நிறங்களையும் அழைக்கலாம் என்றாலும், நான் அடிப்படை நிறங்களோடு நிறுத்திக்கொள்வேன்; ஏனெனில் அவற்றின் சாயலைப் பயனர் தம் முனையத்தின் பின்னணிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும்.

அச்சிடுவதற்கு எக்கோவைத் தவிர்த்து பிரிண்ட்எஃப் கட்டளையைப் பயன்படுத்துவது நல்லது. பாஷ் என்ற ஷெல்லில் எக்கோவுக்கு -ஈ என்ற விருப்பத்தைத் தந்தால் குறியீடுகள் வேலை செய்யும். ஆனால் உபுண்டுவில் எஸ்ஹெச் (sh) என்ற பெயரில் ஸ்கிரிப்டுகளை இயக்கும் டாஷ் என்ற ஷெல் அந்த -ஈயையே வரியின் தொடக்கத்தில் அச்சிட்டுவிடும். பிரிண்ட்எஃப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அச்சிடும் வடிவைச் சொல்ல அதற்கு முதலில் தரும் வடிவச் சரத்துக்குள் நேரடியாக எழுதிய \033 எஸ்கேப்பாக மாறும். மாறியில் வெறும் எழுத்துகளாக வைத்து, வடிவச் சரத்தில் மதிப்பு வந்து அமரும் இடத்தைக் குறிக்கும் %எஸ் வழியாக அனுப்பினால் மாறாமல் அப்படியே திரையில் தெரியும். ஆகவே பிரிண்ட்எஃப்பின் வெளியீட்டையே பிடித்து, உண்மையான எஸ்கேப் எழுத்தை மாறியில் சேமித்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை. செய்தியையோ கோப்புப் பெயரையோ வடிவச் சரத்தில் நுழைக்காமல் எப்போதும் %எஸ் வழியாகவே தர வேண்டும். இல்லையெனில் பெயரில் வரும் ஒரு சதவீதக் குறியே வரியைக் குலைத்துவிடும். அட்டவணைபோல அகலம் குறிப்பிட்டு அச்சிடுவோர் நிறக் குறியீட்டை அந்த %எஸ்ஸுக்கு வெளியே வைக்க வேண்டும்; கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்துகளையும் பிரிண்ட்எஃப் அகலத்தில் கணக்கிடுவதால் பத்திகள் கோணலாகும்.

இனி, கோப்பில் குப்பை சேராமல் காக்கும் வழி. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே, 1 என்ற எண் கொண்ட நிலையான வெளியீடு முனையத்தோடு இணைந்துள்ளதா என்பதை டெஸ்ட் கட்டளைக்கு -டீ 1 தந்து அறியலாம். ஆம் எனில் நிற மாறிகளுக்கு மதிப்பு இட வேண்டும்; இல்லை எனில் அவற்றை வெற்றுச் சரங்களாக விட வேண்டும். பின்னால் வரும் அச்சிடும் வரிகள் எதையும் மாற்றத் தேவையில்லை. பிழைச் செய்திகள் பிழை வெளியீட்டுக்குச் செல்லுமானால், அவற்றுக்கு 2 என்ற எண்ணைத் தனியே சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையை டாலர் அடைப்புக்குறிக்குள், அதாவது $( ) என்பதற்குள், ஓடும் செயற்கூறு ஒன்றில் வைத்தால், அங்கே வெளியீடு முனையத்துக்குச் செல்லாமல் ஷெல்லாலேயே பிடிக்கப்படுவதால், விடை எப்போதும் ‘இல்லை’ என்றே வரும். நோ_கலர் என்ற சூழல் மாறிக்கு மதிப்பு இருந்தாலும் நிறத்தை நிறுத்திவிடுவது இன்று பல நிரல்கள் பின்பற்றும் வழக்கம்.

எண்களை மனப்பாடம் செய்ய விரும்பாதோர் டீபுட் கட்டளையைக் கொண்டு, முனையத்தின் வகைக்கு ஏற்ற குறியீட்டைப் பெறலாம். செட்ஏஎஃப் 1 சிவப்பையும் எஸ்ஜிஆர்0 மீட்பையும் தரும். எனினும் குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டுகளைத் தானாக இயக்கும் கிரானில் ஓடும்போது முனைய வகை குறிக்கப்படாமல் இருந்தால் டீபுட் பிழை காட்டும் என்பதால், அதையும் மேற்கண்ட சோதனைக்குள்ளேயே வைப்பது பாதுகாப்பு. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதோர் உள்ளனர் என்பதால், நிறத்தோடு ‘பிழை’, ‘சரி’ என்ற சொற்களும் வரியில் இருக்கட்டும்.

எழுதி முடித்த ஸ்கிரிப்டின் இரு வெளியீடுகளையும் சேர்த்து, கேட் கட்டளைக்கு -வீ விருப்பத்தோடு பைப் வழியாக அனுப்பிப் பாருங்கள், வரிகளில் எங்கேனும் ^[ என்ற குறி தென்பட்டால், அந்த வரி சோதனையைத் தாண்டி இன்னும் நிறத்தைக் கசியவிடுகிறது.